முன்பேர வணிகம்: உழவர் அறிய வேண்டிய சொற்கள்

மே முதல் நாளன்று கூடிய கிராம சபை ஒன்றில், குடிநீர், தெருவிளக்கு, சாலை ஆகியவை பற்றிய பேச்சு முடிந்த பின்னர், பின்வரிசையில் அமர்ந்திருந்த மஞ்சள் விவசாயி ஒருவர் எழுந்து நின்றார். தை மாதத்து அறுவடையை விற்றுக் கிடைத்த தொகையில் ரூ. 2,40,000-ஐ அவருடைய மகன் கைப்பேசி வழியாக "ஆப்ஷன்" வியாபாரத்தில் இழந்துவிட்டான். பணத்தை மீட்டுத் தருமாறு அவர் கேட்கவில்லை. "அவன் எதை வாங்கினான், எதை விற்றான் என்பதை மட்டும் யாராவது எனக்கு விளங்கச் சொல்ல முடியுமா?" என்றே கேட்டார்.

சபையில் ஒருவராலும் விடை கூற இயலவில்லை. பட்டப் படிப்பில் பொருளாதாரம் பயின்றவனாகிய என்னாலும் அன்று தெளிவாகக் கூற முடியவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். அதன் பின்னர் நான் படித்தும் கேட்டும் அறிந்தவற்றை, ஊராட்சி உறுப்பினர்களுக்கும் உழவர்களுக்கும் பயன்படும் என்ற எண்ணத்துடன் இங்கு எழுதுகிறேன். இவ்வணிகத்தில் ஈடுபடுமாறு எவரையும் தூண்டுவது இக்கட்டுரையின் நோக்கமன்று. இதன் சொற்கள் நம் வீட்டுத் திண்ணைக்கே வந்துவிட்டன. ஆகவே அவற்றின் பொருளை அறியாதிருப்பது இனி இயலாது.

முன்பேரம் என்பது யாது?

ஈரோட்டுச் சந்தையில் மஞ்சளைக் கொட்டி, ஏலம் முடிந்து, எடை போட்டுப் பணம் பெறுவது கைமேல் வியாபாரம். அன்றைய விலைக்கு ரொக்க விலை என்று பெயர். பொருளை இன்று தராமல், பின்னர் ஒரு நாளில் தருவதாக இன்றே விலை பேசிக் கொள்வது முன்பேரம். இது நமக்குப் புதிதன்று. மாமரம் பூத்து நிற்கும் போதே தோப்பைக் குத்தகைக்குப் பேசுகிறோம். காய் பிடித்தால் குத்தகைதாரருக்கு இலாபம். காற்றில் பூ உதிர்ந்தால் அவருக்கு நஷ்டம். தோப்புக்காரர் தம் தலைமேல் இருந்த பாரத்தை ஒரு விலைக்கு மற்றொருவர் தலைமேல் மாற்றி வைக்கிறார். முன்பேர வணிகத்தின் உட்பொருள் முழுவதும் இதுவே.

ஆனால் இத்தகைய பேச்சில் ஒரு குறை உண்டு. விலை இறங்கிவிட்டால் வாங்குவதாகச் சொன்னவர் வாராமற் போகலாம். விலை ஏறிவிட்டால் தருவதாகச் சொன்னவர் வேறொருவருக்கு விற்றுவிடலாம். இக்குறையை நீக்கும் பொருட்டு ஏற்பட்டதே ஃபியூச்சர் ஒப்பந்தம். இதில் பொருளின் தரம், அளவு, ஒப்படைக்கும் இடம், முடிவுறும் நாள் ஆகிய யாவும் முன்னதாகவே வரையறுக்கப்பட்டிருக்கும். பேசுவதற்கு எஞ்சியிருப்பது விலை ஒன்றே. அன்றியும், வாங்குபவருக்கும் விற்பவருக்கும் நடுவில் பரிவர்த்தனை நிலையத்தின் கணக்குத் தீர்வு நிறுவனம் நின்று, இருவருக்கும் தானே பொறுப்பேற்கிறது. ஆகவே எதிர்த் தரப்பினர் யார் என்பதை நாம் அறிய வேண்டுவதில்லை.

ஜப்பானில் ஒசாகா நகரத்து டோஜிமா அரிசிச் சந்தைக்கு 1730-ஆம் ஆண்டிலேயே இத்தகைய வணிகத்துக்கு அரசாங்க அனுமதி கிடைத்தது. அமெரிக்காவில் சிக்காகோ தானியச் சந்தை 1848-லும், நம் நாட்டில் பம்பாய்ப் பருத்தி வணிகச் சங்கம் 1875-லும் தோன்றின. சாங்லியில் மஞ்சளுக்கும் கொச்சியில் மிளகுக்கும் நெடுங்காலம் முன்பேரம் நடந்து வந்தது. 1952-இல் இதற்கெனத் தனிச் சட்டம் இயற்றப்பட்டு, 1953-இல் முன்பேரச் சந்தை ஆணையம் நிறுவப்பட்டது. விலைவாசி உயர்வுக்கு அஞ்சி 1960-களில் பெரும்பாலான பண்டங்களில் முன்பேரம் தடுக்கப்பட்டது. 2003-இல் மீண்டும் பரவலாக அனுமதிக்கப்பட்டது. அவ்வாண்டின் இறுதியில் எம்.சி.எக்ஸ்., என்.சி.டி.இ.எக்ஸ். ஆகிய தேசியப் பண்டப் பரிவர்த்தனை நிலையங்கள் பணி தொடங்கின. 2015 செப்டம்பரில் அந்த ஆணையம் பங்குச் சந்தைகளைக் கண்காணிக்கும் செபி அமைப்புடன் இணைக்கப்பட்டது. இப்போது இரண்டுக்கும் காவலர் செபியே.

இல்லாத பொருளை விற்பது எங்ஙனம்?

இனி, சொற்களை ஒவ்வொன்றாகக் காண்போம். "லாட்" என்பது ஓர் ஒப்பந்தத்தின் அளவு. அதற்குக் குறைவாக வாங்கவோ விற்கவோ இயலாது. விளக்கத்தின் பொருட்டு, மஞ்சளுக்கு ஒரு லாட் 5 டன், அதாவது 50 குவிண்டால் என்று கொள்வோம். அரை ஏக்கரில் மஞ்சள் நட்டவருக்கு இந்த அளவே பெருந்தடை. முன்பேரத்தால் சிறு விவசாயி நேரடியாகப் பயன் பெறுவார் என்று மேடைகளில் கூறப்படுவது எனக்கு உடன்பாடன்று. பலர் சேர்ந்த உழவர் உற்பத்தியாளர் நிறுவனமோ கூட்டுறவுச் சங்கமோ செய்தாலன்றி இது நம் கைக்கு எட்டாது.

"எக்ஸ்பைரி" என்பது ஒப்பந்தம் முடிவுறும் நாள். "லாங்" என்பது வாங்கியவரின் நிலை. "ஷார்ட்" என்பது விற்றவரின் நிலை. விற்பதற்கு இன்று கையில் பொருள் இருந்தாக வேண்டும் என்பதில்லை. முடிவு நாளன்று தருவதாகச் சொல்வதே விற்பனை. அந்நாளுக்கு முன் அதே ஒப்பந்தத்தைத் திரும்ப வாங்கிவிட்டால் அச்சொல்லிலிருந்து விடுபடலாம். இவ்வாறு விடுபடுவதைக் "கணக்கு நேர் செய்தல்" என்பர். கிடங்கில் மஞ்சள் உள்ளவரும் ஒப்பந்தத்தை விற்கலாம்; மஞ்சளைக் கண்ணால் காணாதவரும் விற்கலாம். இருவர் எழுதும் ஒப்பந்தமும் ஒன்றே. ஆனால் முன்னவருக்கு அது காப்பு. பின்னவருக்கு அது பந்தயம். பின்னவரை ஊக வணிகர் என்பர். அவர் இல்லாவிடில் முன்னவரின் பாரத்தை ஏற்க ஆள் கிடைக்காது என்பதும் உண்மை.

ஓர் உதாரணம் காண்போம். இதில் வரும் விலைகள் கணக்குக்காக நான் வைத்துக் கொண்டவை. உழவர் நிறுவனம் ஒன்றின் கிடங்கில் 50 குவிண்டால் மஞ்சள் உள்ளது. மாசி மாதத்தில், ஏப்ரல் ஒப்பந்தம் குவிண்டால் ரூ. 12,000 என்று நடக்கிறது. நிறுவனம் ஒரு லாட் விற்கிறது, மதிப்பு ரூ. 6,00,000. ஏப்ரலில் விலை ரூ. 10,500-க்கு இறங்கினால், ஒப்பந்தத்தைத் திரும்ப வாங்குவதில் குவிண்டாலுக்கு ரூ. 1,500 வீதம் ரூ. 75,000 இலாபம். சரக்கை விற்றால் ரூ. 5,25,000 கிடைக்கும். இரண்டும் சேர்ந்து ரூ. 6,00,000. மாறாக, விலை ரூ. 13,500-க்கு ஏறினால் ஒப்பந்தத்தில் ரூ. 75,000 நஷ்டம், சரக்குக்கு ரூ. 6,75,000 கிடைக்கும், கழித்தால் அதே ரூ. 6,00,000. விலை எப்பக்கம் சென்றாலும் மாசியில் பேசிய விலையே நிற்கிறது. இதனையே "ஹெட்ஜிங்", அதாவது விலைக்காப்பு என்பர். இறக்கத்திலிருந்து காப்பாற்றிக் கொள்பவர் ஏற்றத்தையும் விட்டுக் கொடுக்கிறார் என்பதை இங்கு மறத்தலாகாது.

ஏட்டுக் கணக்கு இவ்வளவு நேர்த்தியாக இருப்பினும், நடைமுறையில் ஓர் இடர் உண்டு. அதனை அறியச் சற்று நிதானிக்க வேண்டும். ஒப்பந்தம் செய்தவுடன் இரு தரப்பினரும் அதன் மதிப்பில் ஒரு பகுதியை ஈடாகக் கட்ட வேண்டும். இதற்கு "மார்ஜின்" என்று பெயர். பத்து விழுக்காடு எனக் கொண்டால் ரூ. 60,000. இது விலையில் ஒரு பகுதி அன்று. சொல் தவறாமைக்குக் கட்டும் பிணைத் தொகை. அன்றியும், ஒவ்வொரு நாள் மாலையிலும் அன்றைய விலைக்கு ஏற்ப இலாப நஷ்டம் கணக்கிட்டுத் தீர்க்கப்படும். விலை ஒரே நாளில் குவிண்டாலுக்கு ரூ. 300 ஏறினால், ஒப்பந்தத்தை விற்றவர் ரூ. 15,000 ரொக்கமாகத் தர வேண்டும். அவருடைய மஞ்சளும் அதே அளவு மதிப்பு ஏறியிருக்கிறதே எனலாம், ஏறியிருப்பது மெய்தான். ஆனால் அது கிடங்கில் மஞ்சளாகக் கிடக்கிறது, கேட்கப்படுவதோ பணம். பணம் கட்டத் தவறினால் தரகர் ஒப்பந்தத்தை முடித்துவிடுவார். அதற்குப் பின் விலை சரிந்தால், நஷ்டத்தையும் கட்டிக் காப்பையும் இழந்து நிற்க நேரிடும். ஆகவே, மார்ஜின் தொகைக்கு மேலும் கைவசம் பணமோ வங்கியில் கடன் வரம்போ இல்லாத நிறுவனம், சரக்கு எவ்வளவு வைத்திருப்பினும், ஃபியூச்சரில் இறங்குதல் தகாது. நிருவாகக் குழுக் கூட்டத்தில் உறுப்பினர்கள் கேட்க வேண்டிய முதற் கேள்வி இதுவே.

மற்றொரு சொல் "பேசிஸ்". மஞ்சள் ஒப்பந்தத்தின் விலை தெலங்கானாவிலுள்ள நிஜாமாபாத்தை அடிப்படை இடமாகக் கொண்டு பேசப்படுவது. ஈரோட்டில் விரலிக்கு ஒரு விலை, கிழங்குக்கு ஒரு விலை. ஈரச் சரக்குக்கும் பூச்சி தாக்கிய சரக்குக்கும் வேறு விலை. நம் ஊர் ரொக்க விலைக்கும் ஒப்பந்த விலைக்கும் உள்ள வேற்றுமையே பேசிஸ். இவ்வேற்றுமை மாறாதிருந்தால் மேற்கண்ட கணக்கு பலிக்கும். நிஜாமாபாத்தில் விலை ஏறி ஈரோட்டில் ஏறாவிடில் காப்பில் ஓட்டை விழுந்துவிடும்.

அச்சாரமும் ஆப்ஷனும்

இனி, அம்மஞ்சள் விவசாயியின் கேள்விக்கு வருவோம். "ஆப்ஷன்" என்பதற்கு உரிமை ஒப்பந்தம் என்று பெயரிடலாம். இதனை விளக்க நம்மிடமே ஒரு சொல் உண்டு, அதுவே அச்சாரம். ஒருவர் ஒரு காணி நிலத்தைப் பத்து இலட்சத்துக்கு விலை பேசி, மூன்று மாதக் கெடு வைத்து, ரூ. 50,000 அச்சாரம் தருகிறார். கெடுவுக்குள் அவ்வூர் வழியே புறவழிச் சாலை வருகிறது என்ற செய்தி பரவி நிலம் பதினைந்து இலட்சத்துக்கு உயர்ந்தால், அவர் விடாமல் வந்து பத்து இலட்சத்துக்கே கிரயம் செய்து கொள்வார். விலை இறங்கினால், ஊர் வழக்கில் பெரும்பாலும், அச்சாரம் போனால் போகட்டும் என்று விலகிவிடுவார். அவருக்கு வாங்கும் உரிமை உண்டு, கட்டாயம் இல்லை. நிலத்துக்காரருக்கோ கட்டாயம் உண்டு, உரிமை இல்லை. அவர் பெற்றது அச்சாரத் தொகை ஒன்றே.

இதில் பேசி வைத்த பத்து இலட்சமே "ஸ்ட்ரைக் விலை", அச்சாரமே "பிரீமியம்", கெடுவே "எக்ஸ்பைரி". ஒரு வேற்றுமை மட்டும் உண்டு. கிரயத்தின் போது அச்சாரத்தை விலையில் கழித்துக் கொள்வோம். பிரீமியம் எக்காலத்தும் கழிக்கப்படாது. அது விற்றவருக்கே சேர்ந்துவிடும்.

குறித்த விலைக்கு வாங்கும் உரிமைக்குக் "கால்" என்றும், குறித்த விலைக்கு விற்கும் உரிமைக்குப் "புட்" என்றும் பெயர். பழைய பம்பாய் வணிகர் இவற்றைத் தேஜி, மந்தி என்று அழைத்தனர். 1952-ஆம் ஆண்டுச் சட்டம் பண்டங்களில் இவற்றை அறவே தடுத்திருந்தது. 2017-இல் தங்கத்திலும், 2018 தொடக்கத்தில் கொத்தவரை விதையிலும் ஆப்ஷன் வணிகம் முறைப்படி அனுமதிக்கப்பட்டது. எந்த விளைபொருளுக்கு ஆப்ஷன் நடக்கிறது என்பது காலத்துக்குக் காலம் மாறுவதால், பதிவு பெற்ற தரகரிடம் கேட்டறிதல் வேண்டும்.

உழவருக்கு ஏற்றது புட் உரிமையை வாங்குவதே. முன்னைய உதாரணத்தையே கொள்வோம். குவிண்டால் ரூ. 12,000 ஸ்ட்ரைக் விலையில் புட் ஒன்றை, குவிண்டாலுக்கு ரூ. 400 வீதம் ரூ. 20,000 பிரீமியம் தந்து நிறுவனம் வாங்குகிறது. விலை ரூ. 10,500-க்கு இறங்கினால் புட்டில் ரூ. 75,000 வரும், சரக்குக்கு ரூ. 5,25,000, பிரீமியம் போக நிற்பது ரூ. 5,80,000. விலை ரூ. 13,500-க்கு ஏறினால் உரிமையை விட்டுவிட்டுச் சரக்கை ரூ. 6,75,000-க்கு விற்கலாம், பிரீமியம் போக ரூ. 6,55,000. ஃபியூச்சரைப் போல் ஏற்றத்தை விட்டுக் கொடுக்க வேண்டுவதில்லை. நாள்தோறும் பணம் கட்டும் தொல்லையும் இல்லை. பயிர்க் காப்பீட்டுக்குத் தவணை கட்டுவதைப் போல ஒரு முறை பிரீமியம் கட்டினால் போதும். ஆனால் அது இலேசான தொகையன்று. விலை அதிகம் ஆடும் காலத்தில் பிரீமியமும் கூடிவிடும்.

அந்த இளைஞன் செய்தது இதுவன்று. அவன் ஈடுபட்டது மஞ்சளில் அல்ல. பங்குச் சந்தைக் குறியீட்டெண்ணில். குறியீட்டெண் என்பது பல நிறுவனங்களின் பங்கு விலைகளைக் கூட்டிக் கணக்கிட்ட ஓர் எண். அதனை மூட்டை கட்டி ஒப்படைக்க இயலாது. பணத்திலேயே கணக்குத் தீரும். வாரந்தோறும் முடிவுறும் கால் உரிமைகளை அவன் முதலில் சிறிது சிறிதாக வாங்கினான். வாங்கியவருக்கு நஷ்டம் பிரீமியத்துக்கு மேற்படாது என்று அவனுக்குச் சொல்லப்பட்டது, அது உண்மையே. ஆனால் பிரீமியத்தில் பெரும்பகுதி எஞ்சியுள்ள நாள்களுக்கான விலை. நாள் கழியக் கழிய அது தேயும்; சந்தை நின்ற இடத்திலேயே நின்றாலும் தேயும். வாரந்தோறும் ஓர் அச்சாரம் தந்து வாரந்தோறும் அதனை இழப்பவருக்கு "நஷ்டம் அச்சாரத்தளவே" என்பதில் ஆறுதல் யாது? இரண்டு மாதங்களில் இவ்வாறு ரூ. 60,000 சென்றது.

பின்னர், கைப்பேசிக் குழு ஒன்றில் யாரோ, "வாங்குபவர்தாம் இழக்கின்றனர், நீ விற்பவனாக மாறு, வாரந்தோறும் பிரீமியம் வரும்" என்று அறிவுரை கூறியிருக்கின்றனர். அவன் மஞ்சள் பணத்தை மார்ஜினாகக் கட்டிக் கால் உரிமைகளை விற்றான். சில வாரங்கள் பணம் வரவே செய்தது. அதனைச் செலவும் செய்துவிட்டான். ஒரு நாள் காலையில் சந்தை கிடுகிடுவென ஏறியது. விற்றவருக்கு வரவு பிரீமியத்தளவே. நஷ்டத்துக்கோ எல்லை இல்லை. பிற்பகலுக்குள் ரூ. 1,80,000 போயிற்று.

ஆடி மாதத்தில் அவ்விவசாயியின் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து, ஒப்பந்தச் சீட்டுகளை வைத்துக் கொண்டு இவற்றை அவருக்கு விளக்கினேன். மகனும் உடனிருந்தான். அவர் நெடுநேரம் பேசாதிருந்து, பின்பு மகனைப் பார்த்து, "அச்சாரம் வாங்கியவன் காணியை எழுதிக் கொடுக்க வேண்டுமே, தம்பி, உன்னிடம் காணி ஏது?" என்றார். கைவசம் பொருளின்றிக் கால் உரிமையை விற்பதன் தன்மையை இதனினும் தெளிவாக எந்த நூலிலும் நான் படித்ததில்லை.

இது ஒரு வீட்டின் கதை மட்டுமன்று. 2024 செப்டம்பரில் செபி வெளியிட்ட ஆய்வின்படி, 2021-22 முதல் 2023-24 வரையிலான மூன்று ஆண்டுகளில், பங்குச் சந்தையின் ஃபியூச்சர், ஆப்ஷன் வணிகத்தில் ஈடுபட்ட ஒரு கோடிக்கு மேற்பட்ட தனி நபர்களுள் 93 விழுக்காட்டினர் நஷ்டமடைந்தனர். நஷ்டத்தின் மொத்தத் தொகை ரூ. 1.8 இலட்சம் கோடிக்கு மேல். ஈடுபட்டோரில் நால்வருள் மூவர், தம் ஆண்டு வருமானம் ரூ. 5 இலட்சத்துக்கும் குறைவு என்று தெரிவித்தவர்கள். 2024 நவம்பர் முதல் ஒப்பந்தத்தின் குறைந்த அளவு மதிப்பு ரூ. 15 இலட்சமாக உயர்த்தப்பட்டது. ஒவ்வொரு பரிவர்த்தனை நிலையமும் ஒரு குறியீட்டெண்ணில் மட்டுமே வார ஒப்பந்தம் நடத்தலாம் என்றும் வரையறுக்கப்பட்டது. அதன் பின்னரும், 2024-25-இல் நஷ்டமடைந்தோர் 91 விழுக்காடு.

விளைபொருள் முன்பேரத்திலோ வேறு விதமான நிச்சயமின்மை உண்டு. 2021 டிசம்பர் 20 அன்று பாஸ்மதி அல்லாத நெல், கோதுமை, கொண்டைக்கடலை, பாசிப்பயறு, கடுகு, சோயா, கச்சாப் பாமாயில் ஆகியவற்றில் செபி வணிகத்தை நிறுத்தி வைத்தது. அந்நிறுத்தம் பின்னர் பலமுறை நீட்டிக்கப்பட்டது. விலை உயர்வைத் தடுக்க அரசு இவ்வாறு செய்தல் இயல்பே எனினும், காப்பை நம்பிப் பயிரிட்டவர் இடையில் கைவிடப்படுகிறார் என்ற உழவர் நிறுவனங்களின் முறையீட்டில் நியாயம் இல்லாமல் இல்லை.

இனி, ஒரு லாட் அளவுக்கும் விளைச்சல் இல்லாத உழவருக்கு இதனால் யாதொரு பயனும் இல்லையா? ஒன்று உண்டு, அதற்குச் செலவும் இல்லை. ஒப்பந்த விலைகள் நாள்தோறும் எவரும் காண வெளியிடப்படுகின்றன. அறுவடை மஞ்சளை இப்போதே விற்பதா, வைத்திருப்பதா என்ற முடிவுக்கு அவை உதவும். இன்றைய விலை ரூ. 12,000, நான்கு மாதம் கழித்து முடியும் ஒப்பந்தம் ரூ. 12,600 என்று கொள்வோம். வேற்றுமை ரூ. 600. நான்கு மாத வட்டி, ஆண்டுக்கு 9 விழுக்காடு வீதம், ரூ. 360. கிடங்கு வாடகை மாதம் ரூ. 15 வீதம் ரூ. 60. காய்ந்து எடை குறைவது நூற்றுக்கு ஒன்று எனில் ரூ. 120. ஆக ரூ. 540. மிஞ்சுவது ரூ. 60. இதற்காக நான்கு மாதம் காத்திருப்பதா என்பதை அவரவர் முடிவு செய்து கொள்ளலாம். ஒப்பந்த விலை சோதிட வாக்கன்று; இன்று பலர் பணம் வைத்துப் பேசும் மதிப்பீடு. அவ்வளவே.

அந்த ஊராட்சி அலுவலகச் சுவரில் இப்போது ஒரு கரும்பலகை உள்ளது. திங்கட்கிழமை தோறும் விரலி, கிழங்கு ஆகியவற்றின் ஈரோட்டு விலையும், அடுத்த இரண்டு ஒப்பந்தங்களின் விலையும் அதில் எழுதப்படுகின்றன. நான்காவதாக ஒரு பத்தி வேண்டும் என்று அதே மஞ்சள் விவசாயி கேட்டுக் கொண்டபடி, நிஜாமாபாத்துக்கும் ஈரோட்டுக்கும் உள்ள வேற்றுமையும் சேர்க்கப்பட்டுள்ளது. எழுதுபவன் அவருடைய மகன்.